செப்பாங்குக்கு முன்: கோலாலம்பூரின் பந்தயச் சாலைகளும் பழைய காடிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் கண்காட்சி எங்கே நடந்தாலும் நம் ஆட்கள் வந்து கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். செப்பாங் பந்தயத்தடம் வருவதற்கு முன்னால் எங்கே ஓட்டினார்கள், அந்தச் சாலைகள் இன்னும் இருக்கின்றனவா, தாத்தா பக்கத்தில் நிற்கிற கார் என்ன கார், இன்றைக்கு அப்படி ஒன்று வாங்கினால் ஓடுமா? பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

செப்பாங் வருவதற்கு முன் கோலாலம்பூர் பக்கம் கார் பந்தயம் எங்கே நடந்தது?

பத்து தீகாவில். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில், இன்றைக்கு ஷா ஆலம் என்று சொல்கிற இடத்தில். 1968-ல் அங்கே பந்தயத்தடம் திறந்தார்கள். ஒரு சுற்று சுமார் 3.4 கிலோமீட்டர். அப்போது ஷா ஆலம் நகரம் முளைவிட்டுக்கொண்டிருந்த காலம். சுற்றிலும் சுங்கை ரெங்கம், பத்து தீகா என்று பால்மரத் தோட்டங்கள். அதே பத்து தீகாவில்தான் பாகங்களைச் சேர்த்துக் கார் பூட்டும் நாட்டின் முதல் தொழிற்சாலையும் 1967-ல் வோல்வோ கார்களைப் பூட்டத் தொடங்கியது. ஆக, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கார் தொழிற்சாலையும் கார் பந்தயமும் ஒரே சமயத்தில் பக்கத்துக் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) வந்து சேர்ந்தன.

1977-ல் அங்கே நடந்த ஒரு விபத்தில் குழந்தைகள் உட்படப் பார்வையாளர்கள் உயிரிழந்தார்கள். தடம் மூடப்பட்டது. பிறகு சீர்செய்து, கொஞ்சம் நீட்டி, ஷா ஆலம் சர்க்கிட் என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். 1985 டிசம்பரில் உலக ஸ்போர்ட்ஸ் கார் போட்டியின் ஒரு சுற்று, சிலாங்கூர் 800 கிலோமீட்டர், இங்கேதான் நடந்தது. போர்ஷே 962-ஐ மாறி மாறி ஓட்டி ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் வென்றார்கள். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் இதே இடத்தில்தான். வாலண்டினோ ரோஸி உலகப் போட்டியில் முதன்முதலாக வண்டியை இறக்கியது 1996-ல் ஷா ஆலமில். 125 சிசி பிரிவில் ஆறாவதாக வந்தார். அடுத்த வருடம் அதே தடத்தில் முதலாவதாக வந்தார். செப்பாங்கில் ரோஸியின் படத்தை மாட்டிக் கொண்டாடுகிறவர்கள் பலருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இன்றைக்கு அங்கே போனால் ஏதாவது பார்க்கலாமா?

இல்லை. 2003-ல் இடித்துவிட்டார்கள். வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன. ஒரு வளைவையாவது அப்படியே விட்டு, பலகை ஒன்று நட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

மலேசிய கிராண்ட் பிரி முதலில் சிங்கப்பூரில் நடந்ததாமே, உண்மையா?

உண்மைதான். சிங்கப்பூரின் மேல் தாம்சன் சாலையை மறித்து 1961-ல் பந்தயம் தொடங்கினார்கள். மலாயாவும் சிங்கப்பூரும் இணையப் போகும் பேச்சு நடந்த காலம் என்பதால் 1962-லிருந்து அதற்கு மலேசிய கிராண்ட் பிரி என்று பெயர். அந்த வருடம் வென்றவர் யோங் நாம் கீ, ஜாகுவார் ஈ-டைப் காரில். 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் பிரிந்தது. 1966-ல் அதே சாலை, அதே வளைவுகள், பெயர் மட்டும் சிங்கப்பூர் கிராண்ட் பிரி. இந்தப் பக்கம் நமக்கென்று ஒரு தடம் தேவைப்பட்டதற்கு இதுவும் காரணம். இரண்டே வருடத்தில் பத்து தீகா எழுந்தது.

தாம்சன் சாலை ஒரு சுற்று கிட்டத்தட்ட 4.9 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாளில் பஸ் ஓடுகிற சாதாரணச் சாலை. ஓரத்தில் விளக்குக்கம்பம், பஸ் நிறுத்தம், மழைநீர்க் கால்வாய். கார் கொஞ்சம் விலகினால் போய் மோத எல்லாமே தயாராக நிற்கும். உயிர்ச்சேதம் கூடியது, 1973-க்குப் பிறகு அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஜொகூர் பாருவிலும் அந்தக் காலத்தில் ஊர்ச் சாலைகளை மறித்துத்தான் கிராண்ட் பிரி நடத்தினார்கள்.

பழைய பத்திரிகைகளில் வரும் 'கேப்' மலையேற்றப் பந்தயம் பிரேசர் மலைப் பாதையில் நடந்ததா?

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பிரேசர் மலை அடிவாரத்தில் கேப் என்று ஓர் இடம் இருப்பதால் பந்தயமும் அங்கேதான் என்று நினைத்துவிடுகிறார்கள். போருக்கு முந்தைய பத்திரிகைகள் சொல்லும் கேப் சிங்கப்பூரில், தெற்கு புவோனா விஸ்தா சாலையில் இருக்கிறது. பாசிர் பாஞ்சாங் பக்கமுள்ள குன்றைத் தாண்டும் அந்த வளைவுச் சாலையை நேரம் பார்த்து ஏறுவார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் புறப்படும், கடிகாரம்தான் எதிராளி. பெரிய தடமோ பார்வையாளர் மேடையோ வேண்டாம், சாலையைச் சில மணி நேரம் மறித்தால் போதும். கிளப்புகள் சிறியதாக இருந்த காலத்தில் இது ஏன் எடுபட்டது என்பது அதிலேயே தெரிகிறது. இதே மாதிரி லோர்னி சாலையில் ஒரு மைல் வேகச் சோதனையும் நடத்துவார்கள்.

அப்படியானால் நம் பக்கத்து கேப் சாலைக்கு என்ன சிறப்பு?

பந்தயம் இல்லாமலே அது ஓட்டுநரைச் சோதிக்கிற சாலை. கோல குபு பாருவிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி பகாங்கின் ரவூப் பக்கம் இறங்கும் கூட்டரசுச் சாலை 55. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மாட்டு வண்டிக்காகப் போட்ட பாதை. மாடு மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதால் ஏற்றம் மெதுவாக, வளைவு அதிகமாக வைத்துப் போட்டார்கள். அதனால்தான் குறைந்த குதிரைத்திறன் கொண்ட பழைய கார்கள்கூட அதில் ஏறிவிடும். ரேடியேட்டர் கொதிக்கும், ஆனால் ஏறிவிடும்.

கேப்பிலிருந்து பிரேசர் மலை உச்சிக்கு இன்னும் 8 கிலோமீட்டர். ஒரு கார் அகலம்தான். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை என்பதால் ஒரு மணி நேரம் ஏறுகிறவர்களுக்கு, அடுத்த மணி நேரம் இறங்குகிறவர்களுக்கு என்று கேட் போட்டு விட்டார்கள். நேரம் தவறினால் அடிவாரத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 2001-ல் இரண்டாவது பாதை திறந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. சிலாங்கூர் அணை கட்டியபோது கோல குபு பாரு பக்கம் சாலையின் ஒரு பகுதியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதனால் கீழே அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போகத்தான் பழைய சாலை கிடைக்கும்.

இந்தச் சாலையை வரலாற்றில் ஏற்றியது ஒரு ரோல்ஸ்-ராய்ஸ். 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி, மனைவியோடும் செயலாளரோடும் பிரேசர் மலைக்குப் போகும் வழியில், ஒரு வளைவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கியிருந்து சுட்டார்கள். கர்னி காரைவிட்டு இறங்கி நடந்தார், அங்கேயே கொல்லப்பட்டார். காரின் தரையோடு படுத்துக்கொண்ட மற்ற இருவரும் பிழைத்தார்கள். அந்த வளைவுகளில் இன்றைக்கு ஓட்டிப் பார்த்தால் காரணம் புரியும். பெரிய கார், குறுகிய சாலை, ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். வேகமாக ஓட்டித் தப்பவும் முடியாது, திருப்பவும் முடியாது.

கோம்பாக் பழைய சாலையும் அந்தக் காலத்துச் சாலைதானா?

ஆமாம். உலு கோம்பாக் வழியாக கெந்திங் செம்பா கணவாயைத் தாண்டி பெந்தோங் போகும் சாலை 68. 1970-களின் கடைசியில் காராக் நெடுஞ்சாலையும் கெந்திங் செம்பா சுரங்கப்பாதையும் வரும்வரை கிழக்குக் கரைக்குப் போக இதுதான் முக்கிய வழி. பலகை லாரி, பஸ், டாக்சி எல்லாம் இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஊர்ந்தன. இப்போது சைக்கிள்காரர்களும் மோட்டார் கூட்டங்களும் பழைய கார் கிளப்புகளும் வைத்திருக்கிற சாலை. காலையில் போங்கள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துவிட்டால் உதிர்ந்த மூங்கில் இலையில் டயர் வழுக்கும்.

இந்தச் சாலைகளில் வேகமாக ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. செப்பாங்கில் தடத்தை வாடகைக்கு விடும் நாட்கள் இருக்கின்றன, பணம் கட்டி அங்கே ஓட்டுங்கள்.

இந்தச் சாலைகளை யார் போட்டது? தமிழர்கள்தான் என்கிறார்களே?

முழுக்கத் தமிழர் என்று சொல்வது மிகை. மலையை வெட்டி மண் தள்ளும் வேலையைப் பல இடங்களில் சீனக் குத்தகைக்காரர்கள் எடுத்தார்கள். ஆனால் கல் உடைத்து, கூடையில் சுமந்து, பரப்பி, ரோலர் ஓட்டி, தார் ஊற்றிச் சடக்கு ஆக்கியதும், அதற்குப் பிறகு வருடம் முழுவதும் அதைப் பிழைக்க வைத்ததும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். பொதுப்பணித் துறை, ரயில்வே, நகராட்சி மூன்றிலும் கூலித் தொழிலாளர்களில் தமிழர்தான் பெரும்பான்மை. மேற்பார்வையாளர், கிராணி (குமாஸ்தா), டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய. சாலையோரம் லயம் கட்டிக் கொடுத்து, குறிப்பிட்ட மைல் வரை உங்கள் பொறுப்பு என்று விட்டுவிடுவார்கள். மழைக்கு மண் சரிந்தால் அள்ள வேண்டும், கால்வாய் அடைத்தால் திறக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும்.

பந்தய வரலாறு எழுதுகிறவர்கள் ஓட்டுநர் பெயரை எழுதுவார்கள், காரின் குதிரைத்திறனை எழுதுவார்கள். சாலை ஏதோ தானாக முளைத்த மாதிரி விட்டுவிடுவார்கள். இந்த நாட்டில் 1960-கள் வரை பந்தயம் என்றாலே பெரும்பாலும் பொதுச்சாலைதான். அந்தச் சாலைக்காரன் இல்லாமல் அந்தக் கதை நிற்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ரப்பருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

டயர்தான் சம்பந்தம். காற்றடைத்த டயர் 1888-ல் டன்லப் கையில் வந்தது, சைக்கிளுக்கு. கார் பெருகப் பெருக ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. ஃபோர்டு மாடல் டி 1908-ல் வந்தது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை போனது. அந்த விலையைப் பார்த்துத்தான் கம்பெனிகள் காட்டை அழித்துத் தோட்டம் போட்டன, டன்லப் கம்பெனியே இங்கே தோட்டம் வாங்கியது. ஆள் வேண்டுமே? 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்றே ஒரு நிதியைச் சட்டம் போட்டு ஏற்படுத்தி, கங்காணிகள் மூலம் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆள் இறக்கினார்கள். டெட்ராய்ட்டில் கார் விற்பனை சூடுபிடித்ததால் தஞ்சாவூர்க்காரர் பினாங்கில் வந்து இறங்கினார் என்று சொன்னால் அதில் பெரிய மிகை இல்லை.

மலாயாவுக்கு முதல் கார் எப்போது வந்தது?

இந்தப் பகுதிக்கு 1896-ல், சிங்கப்பூருக்கு வந்த ஒரு பென்ஸ். சார்லஸ் பர்டன் பக்லி என்பவர் ஓட்டினார். அது போட்ட சத்தத்தைக் கேட்டு ஊரார் வைத்த பெயர் 'காப்பி மெஷின்'.

கோலாலம்பூர்க் கதைக்கு ஹைஸ்திரீட்டுக்கு, அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு, வர வேண்டும். மகாமாரியம்மன் கோயில் இருக்கிற அதே தெரு. 1899-ல் ஃபெடரல் ஸ்டோர்ஸ் என்ற பெயரில் சோப்பும் ஜாதிக்காயும் விற்ற ஒரு சீனர் கடை அங்கே தொடங்கியது. பிறகு சைக்கிள், அதன் பிறகு கார் என்று மாறி, சைக்கிள் அண்ட் கேரியேஜ் ஆனது. 1926-ல் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி, 1951-ல் மெர்சிடிஸ் பென்ஸ் விற்கும் உரிமையும் பெற்றது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற தெருவுக்கு இப்படியும் ஒரு பழங்கதை உண்டு.

நம்மவர்களில் பந்தயம் ஓட்டியவர்கள் உண்டா?

சன்னி ராஜா. நீண்ட முடி, மீசை, கழுத்தில் துண்டு என்று 1970-களில் பத்து தீகா ரசிகர்களின் செல்லப்பிள்ளை. இங்கே ஓட்டியதோடு நிற்காமல் இங்கிலாந்து போய் பார்முலா அட்லாண்டிக் பந்தயங்களிலும் ஓட்டினார். ஸ்பான்சர் என்ற சொல்லே இங்கே புதிதாக இருந்த காலத்தில் அது சின்ன விஷயமில்லை. எஃப் 1-க்குப் போன முதல் மலேசியர் அலெக்ஸ் யோங், 2001-ல் மினார்டி அணிக்கு. கரம்ஜித் சிங் 2002-ல் புரோட்டோனில் உற்பத்திக் கார் பிரிவின் உலக ராலி பட்டத்தை வென்றார்.

தமிழ்நாட்டுக்காரர்களையும் சேர்ப்பதென்றால் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் செப்பாங்கில் ஜோர்டான் காரை 11-ஆவதாக முடித்தார். கொடி பிடித்துக் கத்தியவர்களில் பாதிப் பேர் கிள்ளான்காரர்கள் என்பது என் சந்தேகம்.

தாத்தா ஒரு கார் பக்கத்தில் நிற்கும் படம் இருக்கிறது. அது எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். முதலில் ஒரு கசப்பான விஷயம்: கார் பெரும்பாலும் தாத்தாவுடையது அல்ல, துரையுடையது. காக்கிச் சட்டை, தொப்பி, கையில் துணி இருந்தால் தாத்தா அந்தக் காரின் டிரைவர். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காரைத் துரையைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

அடுத்து நம்பர் பிளேட். ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து பேராக், இரண்டாவது சிலாங்கூர், மூன்றாவது பகாங். பினாங்கு, கெடா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் எல்லாம் தங்கள் பெயரின் முதலெழுத்தையே வைத்துக்கொண்டன. டபிள்யூ இருந்தால் படம் 1974-க்குப் பிந்தையதுதான். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது அந்த வருடம். ஒரே எழுத்துக்குப் பின்னால் எண் இருந்தால் பழையது, இரண்டு எழுத்து என்றால் கொஞ்சம் பிந்தியது.

பிளேட் தெரியவில்லையா, காரின் முகத்தைப் பாருங்கள். மோரிஸ் மைனரின் முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் 1956-க்கு முந்தைய வண்டி. விளக்குகள் கீழே கிரில்லுக்குள் பதிந்திருந்தால் இன்னும் பழையது, 1950 வாக்கில். கதவுக்குப் பக்கத் தூணில் திரும்புவதற்கு வெளியே நீட்டும் சின்னக் கை இருந்தால் 1961-க்குள். பீட்டில் காரின் பின் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953-க்கு முன், முட்டை வடிவில் ஒன்றாக இருந்தால் 1957 வரை, அதற்கு மேல் நீள்சதுரம். மினி 1959-க்கு முன் கிடையாது. இது காரின் வயதைத்தான் சொல்லும், படத்தின் வயதை அல்ல. இங்கே கார்களை இருபது வருடம்கூட வைத்து ஓட்டினார்கள். பின்னணியில் உள்ள கடைப் பலகை, வேட்டியா கால்சட்டையா, பாட்டியின் கொண்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

'விண்டேஜ்' என்றால் எந்த வயது?

கண்டிப்பாகப் பேசினால் 1919 முதல் 1930 வரை செய்தவை. 1905-க்கு முந்தையவை வெட்டரன். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா, 30 வயதாகி மூல நிலையில் பாதுகாக்கப்பட்ட எதையும் வரலாற்று வாகனம் என்கிறது. அந்தக் கணக்கில் 1985-ல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் அதில் சேர்ந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நல்ல நிலையில் ஒன்று தேடிப் பாருங்கள், தெரியும்.

ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். நம் ஈரக் காற்றுக்கு முதலில் போவது தகடு. காலடிப் பலகை, கதவின் அடிவிளிம்பு, ஸ்பிரிங் பூட்டும் இடம் மூன்றிலும் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் இரும்பு, 'தப்' என்று அமுங்கினால் பட்டி. பிறகு கெரானில் (வண்டியின் பதிவு அட்டையில்) உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) அலைந்தே வயதாகிவிடும்.

பெட்ரோல் ஒரு சிக்கல். அந்தக் கால எஞ்சின் வால்வு இருக்கைகள் பெட்ரோலில் இருந்த ஈயத்தை நம்பிச் செய்தவை. ஈயமில்லாத பெட்ரோலில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் அவை தேயும். எஞ்சின் தலையை (சிலிண்டர் ஹெட்டை) கழற்றும்போது கடின உலோக இருக்கை போட்டுவிடச் சொல்லுங்கள். பழைய டீசல் பென்ஸ் என்றால் வேறு கதை. இப்போது டீசலில் பாமாயிலிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்கிறார்கள், பழைய ரப்பர் குழாய்களை அது ஊற வைத்துக் கசிய விடும். குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

மின்சாரம்: மோரிஸ், ஆஸ்டின் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் அவசரத்துக்கு வேறு காரிலிருந்து வயர் போட்டால் புகைதான் வரும். அந்தக் காலத்துப் போமன்களுக்கு (மெக்கானிக்குகளுக்கு) இது கைப்பழக்கம். இளைஞர்களிடம் கொடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். டயரின் பூ (தரையைப் பிடிக்கும் வெட்டு) எவ்வளவு புதிதாக இருந்தாலும் பத்து வயதான டயரை நம்பி கேப் சாலையில் இறங்காதீர்கள்.

பழைய பந்தயச் செய்திகளை எங்கே தேடுவது?

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பத்திரிகைக் களஞ்சியம் முதலில். இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆங்கிலப் பத்திரிகைகளோடு 1935-ல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் இருக்கிறது. கோலாலம்பூரில் 1924-ல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களுக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ஹலீமில் (முன்னாள் ஜாலான் டூத்தா) உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். தேடும்போது அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். ஜொகூரின் ஆங்கிலப் பெயருக்குக் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும், பந்தயத்தை 'ஸ்பீடு டிரையல்' என்று எழுதியிருப்பார்கள். விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்தாமல் பொதுப்பணித் துறை அறிவிப்புகளையும் டெண்டர்களையும் பாருங்கள். எந்தச் சாலையை எந்த வருடம் அகலப்படுத்தினார்கள், எந்த மைலில் மண் சரிந்தது என்ற விவரமெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.